ரெஃபெத்துக்குப் பொரித்த லொக்மா

இடது கையில் மாவை அள்ளி முஷ்டியை இறுக்குகிறாள் ஜெலிஹா. கட்டைவிரல் பக்கம் பிதுங்கும் உருண்டையைக் கரண்டியால் வழித்துக் கொதிக்கும் எண்ணெயில் போடுகிறாள். கைக்குக் கரண்டி, வாய்க்கு வசவு. இரண்டும் ஓய்வதில்லை. "ஏய் சிவப்புத் தொப்பி! வரிசை அங்க முடியுது. உங்க மாமனார் வீட்டு விருந்தா இது, நடுவுல நுழையற?" எண்ணெய் காயாவிட்டால் எண்ணெயைத் திட்டுவாள். காற்றடித்தால் கடலைத் திட்டுவாள்.

துருக்கியின் இஸ்மிர் நகரில் ஒருவர் இறந்தால் நாற்பதாம் நாள் வாசலில் கொப்பரை ஏற்றி, லொக்மா பொரித்துப் பாகில் முக்கி, போகிறவர் வருகிறவருக்கெல்லாம் கொடுப்பார்கள். காசு கிடையாது. வாங்குகிறவர் இறந்தவருக்காக ஒரு நல்ல வார்த்தை சொன்னால் போதும். சொல்லாமல் தட்டை நீட்டுகிறவர்களைக் கண்டால் ஜெலிஹாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். முக்கியமாக முதுகில் பை சுமக்கும் ஊர்சுற்றிகள். பஸ்மானே பகுதியின் மலிவு விடுதிகளில் முடங்கி, காலையில் ஒரு எள்ளு ரொட்டி வளையம், மதியம் எலுமிச்சை பிழிந்த சிப்பிச் சோறு என்று நாளைச் சில்லறையில் ஓட்டுகிற கூட்டம். ஓசி இனிப்பு என்றால் அவர்களுக்கு மூக்கில் வியர்த்துவிடும். "எழவு வீட்டுல தின்னுட்டுக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டறானுங்க. அந்த விரலை ஒடிச்சா என்ன?" என்பாள்.

போன வியாழக்கிழமை கொப்பரை ஏற்றியது ரெஃபெத்துக்காக. பதினெட்டு வருடம் அந்த நான்கு மாடிக் கட்டடத்தை நிர்வகித்தவர். படியில் செருப்பு கிடந்தால் குப்பையில் போட்டவர். பச்சைப் பிள்ளைக்காரி வீட்டில் ஜனவரிக் குளிரில் வெந்நீர்க் குழாயை மூடியவர். ஜெலிஹா லொக்மா விற்றுப் பிழைத்த வண்டியைப் புகார் கொடுத்துத் தூக்க வைத்தவரும் அவரே. அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் ஊரார் வீட்டுப் படிக்கட்டுகளைக் கழுவினாள்.

அடக்கத்துக்கு வந்தவர்கள் நான்கு பேர். "இவரை எப்படி அறிவீர்கள்?" என்று இமாம் வழக்கப்படி கேட்டபோது 'நல்லவர்' என்று சொல்ல ஒருவரும் வாய் திறக்கவில்லை. மனைவி நெரிமான் அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு ஒரு நாள் ஜெலிஹாவின் கதவைத் தட்டினாள்.

"நாப்பதாம் நாளாவது யாராச்சும் ஒருத்தர் நல்ல வார்த்தை சொல்லட்டும், ஜெலிஹா."

"எனக்குச் சண்டை அந்தாளோட. உன்னோட இல்லக்கா. வரேன்."

பொரித்த வாசனை நான்கு மாடியும் ஏறியது. திரைச்சீலைகள் அசைந்தன. ஒருவரும் இறங்கி வரவில்லை. இரண்டாம் மாடி துர்சுன் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து வேடிக்கை பார்த்தான். காகிதத் தட்டுகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நெரிமான் நின்றாள். பாகில் ஊறிய லொக்மா ஆறியது. செத்தும் பெண்டாட்டியைத் தெருவில் நிறுத்திவிட்டானே என்று ரெஃபெத் மேல் ஜெலிஹாவுக்குக் கோபம். மேலே நிற்கிறவர்கள் மேல் கோபம். 'நல்லா வேணும்' என்று தனக்குள்ளேயே ஒரு மூலை சொல்லிக்கொண்டிருந்ததே, அதன் மேல் எல்லாவற்றையும்விடக் கோபம்.

அப்போதுதான் முதுகுப் பையோடு மேட்டில் மூச்சு வாங்க ஏறி வந்தாள் காஷா. போலந்துக்காரி. மூன்று மாதமாக நாடெல்லாம் சுற்றிக் கொஞ்சம் துருக்கி பேசக் கற்றிருந்தாள். கையில் கடித்த சோளக் கதிர். லொக்மாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"எவ்ளோ, அக்கா?"

"காசில்ல. ஒருத்தர் செத்துட்டார். அவருக்காக."

நீட்டிய கையைப் பெண் இழுத்துக்கொண்டாள். சோளத்தைப் பைக்குள் திணித்து, தொப்பியைக் கழற்றினாள். "அய்யோ... அவர், எப்படி மனுசர்?"

நெரிமானின் கண்கள் ஜெலிஹாவிடம் திரும்பின. மேலே துர்சுன் சிரித்தான். "சொல்லேன் ஜெலிஹா! உனக்குத் தெரியாததா? வெக்கப்படாம சொல்லு!"

கரண்டி கொப்பரை விளிம்பில் அடித்து நின்றது.

"பொல்லாத மனுசன்" என்றாள் ஜெலிஹா. நெரிமான் தலைகுனிந்தாள். "என் வயித்துல அடிச்சவன். பொய் சொல்ல மாட்டேன்." நெரிமானிடமிருந்து ஒரு தட்டைப் பிடுங்கி, எண்ணெயிலிருந்து நேராக நாலு உருண்டையை அள்ளிப் பாகில் புரட்டினாள். ஒன்றை அப்படியே வாயில் போட்டாள். நாக்கு வெந்திருக்கும், மென்று விழுங்கினாள்.

"அவர் எனக்குச் செஞ்சதை மன்னிச்சாச்சுக்கா. கேட்டுக்கோ. அவருக்கும் எனக்கும் இனி கணக்கு ஒண்ணுமில்ல." மேலே பார்த்தாள். "டேய் துர்சுன்! வண்டி பறிபோனது எனக்கு. படிக்கட்டு தேய்ச்சது நான். நானே தின்னுட்டேன். செருப்புத் தொலைச்ச உனக்கு என்னடா இவ்வளவு ராங்கி? இறங்கி வா!"

துர்சுனின் சிரிப்பு நின்றது. மிச்சமிருந்த மூன்று உருண்டையோடு தட்டை அவனை நோக்கி உயர்த்திப் பிடித்தாள் ஜெலிஹா. சுடும் பாகு மணிக்கட்டில் இறங்கி முழங்கை வரை வழிந்தது. அவள் கையை இறக்கவில்லை.