ஏழாம் பொத்தான்

பொய் சொன்னால் என் அக்காவுக்குக் காது சிவந்துவிடும். இதைச் சொன்னபோது சிவக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

புதிய ஆலை. ஓடத் தொடங்குமுன் அவசர நிறுத்தப் பொத்தான்களைச் சோதிக்கும் வேலை. மொத்தம் பதினெட்டு. எலெக்ட்ரீஷியன் நெட்டையண்ணன் ஒவ்வொன்றாக அமுக்கி, வாக்கிடாக்கியில் எண்ணைச் சொல்வார். கட்டுப்பாட்டு அறையில் அக்கா, திரையில் அந்த எண் சிவப்பதைப் பார்த்துத் தாளில் டிக் அடிப்பாள். அமுக்கும்போதெல்லாம் எல்லாமே நின்றுபோகாமலிருக்க, பதினெட்டுக்கும் பைபாஸ் போட்டிருந்தாள். சோதனை முடிந்ததும் ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டும். ஒன்றை மறந்தாலும் அந்தப் பொத்தான் வெறும் பொம்மை. அமுக்கினாலும் எதுவும் நிற்காது.

மதியம் 2.46.

"பதினெட்டும் ஆச்சு. டீ சொல்லி வை தங்கச்சி."

"அவ்ளோ நீளக் கால வெச்சிருக்கீங்க, ரெண்டு எட்டுல நீங்களே வாங்கிட்டு வாங்கண்ணே."

சிரித்துக்கொண்டே ஒன்று முதல் ஆறு வரை பைபாஸை எடுத்தாள். ஏழுக்கு வந்தாள்.

2.52. ஏழு சிவந்தது.

"அண்ணே, ஏழாம் நம்பர ஏன் திரும்ப அமுக்குறீங்க?"



மூன்று முறை சிவந்தது. நின்றது. மறுபடி மூன்று முறை.

ஏழாவது பொத்தான் கலவைத் தொட்டிக்குள், ஏணியை ஒட்டி இருப்பது.

திரையில் தொட்டியின் மோட்டார்... ஓடுவதாகக் காட்டியது.

நிறுத்தினாள். ஓடியது. மறுபடி நிறுத்தினாள். ஓடியது.

வாக்கிடாக்கி கரகரத்தது. மூச்சுச் சத்தம். பிறகு நெட்டையண்ணன் குரல்.

"நிறுத்தும்மா..."

"நிக்க மாட்டேங்குதுண்ணே!"

"நிறுத்தும்மா..."

பின்னால் கதவு திறந்தது.

இரண்டு டீயோடு நெட்டையண்ணன்.

"யார்கிட்ட கத்துற?"

இடுப்பில் அவருடைய வாக்கிடாக்கி. அணைந்திருந்தது.

இருவரும் ஓடினார்கள். தொட்டி காலி. மோட்டாருக்கு இன்னும் கம்பியே இணைக்கவில்லை.

"மெஷினுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு, விடு" என்றார்.

அக்கா திரும்பி வந்து உட்கார்ந்தாள். எட்டு முதல் பதினெட்டு வரை பைபாஸை எடுத்தாள். தாளில் கையெழுத்துப் போட்டாள்.

ஆலை ஓடத் தொடங்கிய பதினோராம் நாள், பழுது பார்க்க நெட்டையண்ணன் தொட்டிக்குள் இறங்கினார். அவர் உள்ளே இருப்பது தெரியாமல் யாரோ மோட்டாரை ஓட்டிவிட்டார்கள்.

விபத்து நாளின் கணினிப் பதிவை அக்காவைத்தான் எடுத்துத் தரச் சொன்னார்கள்.

மதியம் 2.52. ஏழாம் பொத்தான். மூன்று முறை. இடைவெளி. மூன்று முறை.

அதற்கு நேரே ஒரே சொல்.

பைபாஸ்.