மேஸ்திரி பிரிக்காத முட்டுகள்

திலக் நகர்ப் பக்கம் கட்டிக்கொண்டிருந்த அடுக்குமாடிக் கட்டடம் ஒரு மழை நாள் பிற்பகலில் சரிந்தது. எந்தக் கான்கிரீட் ஸ்லாப்பை முதலில் தூக்கலாம் என்று மீட்புக்குழுவுக்குச் சொல்ல ஆள் வேண்டியிருந்தது. செம்பூரில் பொறியாளராக இருந்த என்னையும், அதே தொழிலில் இருந்த என் நண்பர்கள் இரண்டு பேரையும் மறுநாள் கூப்பிட்டார்கள்.

கடைசியாகக் கான்கிரீட் போட்ட மேல்தள ஸ்லாப்பைக் கிரேன் தூக்கியபோது, அதைத் தாங்க நிறுத்தியிருந்த இரும்பு முட்டுகள் அடியில் நசுங்கிக் கிடந்தன. போனில் படம் எடுத்துக்கொண்டேன். பார்க்கிங் தளத்துத் தூண்கள் கையில் பிசைந்தால் உதிர்கிற நிலையில் இருந்தன.

சில மாதங்களில் அரசு விசாரணை அறிக்கை வந்தது. கான்கிரீட்டுக்குப் பலகையும் முட்டும் அடிக்கிற சென்ட்ரிங் மேஸ்திரி யாரையும் கேட்காமல், கான்கிரீட் இறுகுமுன்பே முட்டுகளைப் பிரித்துவிட்டாராம். மேல்தளம் விழுந்த கனத்தில் மொத்தமும் சரிந்ததாம். மேஸ்திரி தாராவியில் இருந்தவர், பூர்வீகம் திருநெல்வேலி. இறந்தவர்களில் அவரும் ஒருவர்.

பிரித்த முட்டு எப்படி ஸ்லாப்புக்கு அடியில் நசுங்கும்? சரிந்தது மட்டமான தூண்களால்தான் என்று மூவரும் கையெழுத்திட்டு மறுப்பு அனுப்பினோம். விசாரணைக்கு அழைத்த அதிகாரி படத்தைப் பார்த்துவிட்டு, மரியாதையாகவே இந்தியில் சொன்னார்: மீட்பு வேலையின்போது முட்டுகள் இடம் மாறியிருக்கலாம், அந்த முட்டுகளையே கொண்டுவந்து காட்டுங்கள். இடிபாட்டையெல்லாம் எப்போதோ லாரியில் அள்ளிப்போய்விட்டார்கள். நசுங்கிய முட்டுகளில் ஒன்றையாவது எடுத்துவைக்கச் சொல்ல எனக்கு அன்று தோன்றவில்லை.

வெளியே வந்ததும் எங்களில் மூத்தவர், "என் பேரை எடுத்துடுங்கோ. ஐரோலில எங்க கம்பெனிக்கு இதே பில்டரோட ப்ராஜெக்ட் இருக்கு," என்றார். மறுப்பு நிராகரிக்கப்பட்டதாக ஒரு வரியில் பதில் வந்தது.

அதைச் சொல்லத்தான் மேஸ்திரியின் மனைவியைப் பார்க்கத் தாராவிக்குப் போனேன். அவர் மிக்சரைப் பாக்கெட்டில் அடைத்துக்கொண்டிருந்தார்.

"எங்க வீட்டுக்காரரு பிரிக்கலன்னு ஒங்களுக்கு நெசமாத் தெரியுமா சார்?"

"தெரியும்மா. கண்ணால பாத்தேன்."

"பொறவு ஏன் ஒத்துக்க மாட்டேங்காவ?"

அவர் பாக்கெட் வாயை மெழுகுவத்தியில் காட்டி ஒட்டினார்.

"கூடச் செத்தவுக வீடெல்லாம் கோவண்டியில இருக்கு. இவராலதான் செத்தாவன்னு என் மூஞ்சியப் பாக்க மாட்டேங்காவ. நீங்க பாத்தத ஒரு கடுதாசியா எழுதிக் குடுங்க. இந்தியில எழுதுங்க சார். தமிழ்ல எழுதுனா என் மவளுக்கே வாசிக்க வராது."

என் இந்தி பேசத்தான் உதவும். நான் சொல்லச் சொல்ல அவருடைய மகள் எழுதினாள். தன் அப்பாவைக் குறிக்கும் இடங்களிலெல்லாம், நான் சொன்னபடி 'மேஸ்திரி' என்றே எழுதினாள். நானும், பேரை எடுக்காத இன்னொரு நண்பரும் கையெழுத்துப் போட்டோம்.

இரண்டு வாரம் கழித்து மேஸ்திரியின் மனைவி போன் செய்தார். அவரும் மகளும் நாலு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். ஒரு வீட்டில் கடிதத்தை முழுக்க வாசிக்கக் கேட்டுவிட்டு உட்காரச் சொன்னார்களாம். இரண்டு வீட்டில் வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திவிட்டார்கள். கடைசி வீட்டில் அதைக் கிழித்துவிட்டார்கள்.

"இன்னொண்ணு எழுதித் தாரியளா சார்?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன்.