முகத்துவாரக்குப்பத்துப் பச்சை நாய்கள்

பெர்சிஸின் அப்பா சாத்தான்குளம் பக்கத்திலிருந்து வந்து ராயபுரத்தில் மளிகை மொத்தக்கடை வைத்தவர். அவர்கள் உறவுக் கூட்டத்தில் டாக்டர் என்றால் மனிதனுக்கு ஊசி போடுகிறவர் மட்டும்தான். பெர்சிஸ் கால்நடை மருத்துவம் படித்ததையே பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தவர்கள், அவள் மேற்படிப்புக்குச் சேர்ந்ததும் வெளிப்படையாகவே சிரித்தார்கள்.

"ஏட்டி, மாட்டுக்குப் படிச்சே, சரி. அதுக்கு மேல படிச்சும் மாட்டுக்குத்தானா?" என்றாள் அத்தை தேவகிருபை, ஞாயிறு ஆராதனை முடிந்து கோயில் வாசலில், நாலு பேர் காதில் விழும்படி.

இது வைத்தியம் பார்க்கிற படிப்பு இல்லை. நோய் எங்கே கிளம்பி எங்கே போகிறது, எத்தனை உயிருக்குத் தொற்றுகிறது, எப்படித் தடுப்பது என்று ஆராய்கிற படிப்பு என்று பெர்சிஸ் பொறுமையாக விளக்கினாள். அப்படியானால் ஊசிகூடப் போடத் தெரியாது போலிருக்கிறது என்று அத்தை தீர்ப்பு எழுதிவிட்டாள். அன்றைக்கே பெர்சிஸ் மனசுக்குள் ஒரு வைராக்கியம் வைத்தாள். பட்டத்தை வாங்கி, பெயருக்கு முன்னால் போட்டு, இந்தக் கூட்டத்தின் வாயை அடைக்க வேண்டும். வைராக்கியம் நல்லதுதான். ஆனால் அது கண்ணையும் சேர்த்து மறைத்துவிட்டது.

அவளுக்குக் கிடைத்த ஆராய்ச்சி, தெருநாய்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசி. எண்ணூர் முகத்துவாரக்குப்பத்துக்கு ஆட்கள் வலையோடு வண்டியில் வருவார்கள். நாயைப் பிடித்து ஊசி போட்டு, முதுகில் பச்சைச் சாயம் அடையாளமிட்டு, அங்கேயே விட்டுவிடுவார்கள். மறுநாள் பெர்சிஸ் ஸ்கூட்டரில் தெருத்தெருவாகப் போய், பச்சை நாய் எத்தனை, வெறும் நாய் எத்தனை என்று எண்ண வேண்டும். வண்டியை விட்டு இறங்காமல் எண்ணலாம் என்று புத்தகமே சொல்கிறது. புத்தகம் எழுதியவர் எந்தக் குப்பத்துக்குள்ளும் இறங்கியிருக்க மாட்டார் என்பது வேறு விஷயம்.

எண்ணிப் பார்த்தால் கிட்டத்தட்ட எல்லா நாயும் பச்சை. அவளுடைய பேராசிரியர் பக்தவச்சலத்துக்குத் தலைகால் புரியவில்லை. எந்த ஊரிலும் கிடைக்காத வெற்றி என்றார். குப்பத்து முனையில் மேடை போட்டார்கள், அவளுக்கும் ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். வெறிநோய் பயமில்லாத குப்பம், பச்சை நாய் பத்திரமான நாய் என்று ஆளுயரத்துக்கு ஒரு போர்டும் நட்டார்கள். அத்தைக்கு அனுப்பவென்றே பெர்சிஸ் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டாள்.

பிறகு மழைக்காலம் வந்தது. ஊசிக்காரர்களின் சாயம் ரெண்டு மழைக்குத் தாங்காது. நாலு நாளில் கரைந்து ஓடும் சரக்கு. மழை ஓய்ந்து ஒருநாள் அந்தப் பக்கம் போன பெர்சிஸ், நாய்கள் இன்னும் பச்சைப் பசேலென்று திரிவதைப் பார்த்தாள். அன்றுதான் முதல்முறையாக ஸ்கூட்டரை விட்டு இறங்கினாள். படுத்திருந்த ஒரு நாயின் முதுகைத் தடவினாள். முடி குச்சி குச்சியாக விறைத்திருந்தது. கரையில் கிடந்த படகுகளுக்கு அடிக்கிற பெயின்ட். வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவியிடம் கேட்டதில் கதை வெளிவந்தது. பக்கத்துக் குப்பத்தில் பச்சை அடித்த நாயை வண்டிக்காரர்கள் தொடவில்லை என்று கேள்விப்பட்டு, வண்டி வருவதற்கு முந்தின சாயங்காலமே, ஆம்பிளைகள் கடலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, தங்கள் நாய்களுக்குத் தாங்களே பூசிவிட்டிருக்கிறார்கள் இந்தக் குப்பத்து மகாராசிகள். நாயைக் கொண்டுபோய் எங்கேயாவது தொலைத்துவிடுவார்கள் என்ற பயம். ஊசி ஏறியதோ பத்தில் ஒன்றுக்கோ என்னவோ.

வியர்த்துப்போய்க் கல்லூரிக்கு ஓடினாள். பேராசிரியர் நிதானமாகக் கேட்டார். கட்டுரை அச்சுக்குப் போய்விட்டது என்றார். இப்போது மாற்றினால் பட்டம் தள்ளிப்போகும் என்றும் சொன்னார்.

"சாயம் போகலைன்னா பெயின்ட் கம்பெனிக்கு நன்றி சொல்லும்மா. நாம ஏன் அழணும்?"

அவள் திரும்பி வந்துவிட்டாள். இரண்டு வாரம் யாரிடமும் விஷயத்தைச் சொல்லவில்லை. அந்த இரண்டு வாரத்துக்கு எந்தச் சமாதானமும் கிடையாது. அவளே தனக்குச் சொல்லிப் பார்த்த எதுவும் அவளுக்கே பிடிக்கவில்லை.

மறுபடி குப்பத்துக்குப் போனபோது அம்மு என்கிற மீனவப் பெண்ணின் வீட்டு நாய் டைகர் செத்துப்போன சேதி கிடைத்தது. வாயில் நுரை தள்ளி, கண்டதையெல்லாம் கடித்துச் செத்திருக்கிறது. போவதற்கு முன் அம்முவின் புருஷன் தீனாவைக் கெண்டைக்காலில் கவ்வியிருக்கிறது. அவன் கடிவாயில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு வாசலில் வலை பிரித்துக்கொண்டிருந்தான். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட வேண்டும், நோய் கண்டபிறகு காப்பாற்ற யாராலும் ஆகாது என்றாள் பெர்சிஸ்.

தீனா அசையவில்லை. "பச்ச நாய் டாக்டரம்மா அது. பயமில்லன்னு நீதான போர்டு வச்சிக்கீற?"

"அந்த போர்டு பொய்ண்ணா. நான் எண்ணுனது தப்பு."

அவன் சிரித்தான். "சால்வ போத்திகினு நின்னியே, அப்ப தப்பு இல்லியா?"

பெர்சிஸுக்கு முகம் எரிந்தது. இவ்வளவு நாள் யார் வாயை அடைக்க நினைத்தாளோ அவர்கள் யாரும் இப்படி ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆமாம், அப்பவும் தப்புதான் என்று மட்டும் சொன்னாள். அவன் நம்பவில்லை. படித்த பெண் ஏதோ புது ஆராய்ச்சிக்கு ஆள் பிடிக்க வந்திருக்கிறாள் என்று வலையைப் பார்த்துக் குனிந்துகொண்டான். அவன் முதுகுக்குப் பின்னால் அம்மு சுவரோடு சுவராக நின்றிருந்தாள். வாயைத் திறந்தால் புருஷனைக் கடிக்க விட்டவள் என்று குப்பமே தூற்றும். பெர்சிஸ் அவளையே பார்த்தாள்.

"நாந்தான்யா பூசினேன்," என்றாள் அம்மு. "படகுக்கு அடிச்சது போவ மீதி பெயின்ட்டு. டைகருக்கு ஊசியே போடல. ஏந்திரிச்சி வா."

தீனா மெல்லத் திரும்பிப் பெண்டாட்டியைப் பார்த்தான். திட்டுவான் என்று பெர்சிஸ் நினைத்தாள். அவன் வலையைப் போட்டுவிட்டு எழுந்தான்.

அரசு ஆஸ்பத்திரியில் முதல் ஊசி போட்டு முடிந்ததும், வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து பெர்சிஸ் கொஞ்சம் மூச்சு விட்டாள். ஒரு உயிரைக் காப்பாற்றிவிட்டோம் என்று அல்பமாக ஒரு பெருமைகூட எட்டிப் பார்த்தது. அம்முவின் தெருவில் இன்னும் யார் யார் பூசினார்கள் என்று பேச்சுவாக்கில் கேட்டாள்.

"தெருவே பூசுச்சிம்மா. நான் இன்னா தனியாளா?"

"போர்டு வச்சதுக்கு அப்புறம் வேற யாரையாவது நாய் கடிச்சுதா?"

அம்மு யோசித்தாள். பச்சை நாய்தானே என்று யாரும் ஆஸ்பத்திரிப் பக்கம் வரவில்லை என்று சொல்லிவிட்டு, கட்டைவிரலை மடக்கி ஒரு பெயர் சொன்னாள். பிறகு இன்னொரு விரல். ஒரு கை முடிந்து, மறு கையை நீட்டினாள்.