நனைந்த மிளகு

மாத்தளை டவுனில் மிளகு விலை கேட்கப் போயிருந்தேன். கடைக்கார முஸ்லிம் நானா யாரோ கொண்டுவந்த சாக்கு ஒன்றைப் பிரித்தார். பூசணம் பிடித்த மிளகின் வாடை மூக்கில் ஏறியது. அந்த நொடியில் எனக்கு ஒன்பது வயது.

பல்லேபொலவில் எங்கள் முற்றத்தில் சாக்குப் படங்கு விரித்து, அந்த வருடத்து மிளகு முழுவதையும் காயப்போட்டுவிட்டு, அம்மா என்னை ஞாயிறு ஆராதனைக்கு அழைத்துப் போயிருந்தாள். ஜெபத்தின் நடுவே தகரக் கூரையில் மழை சடசடத்தது. பாதிப்பேர் எழுந்து ஓடினார்கள். நானும் எழுந்தேன். அம்மா கண்ணைத் திறக்காமலே என் பாவாடையைப் பிடித்து உட்காரவைத்தாள். அவள் பிடி தளரவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மிளகு தண்ணீரில் மிதந்தது.

"ஒரு ஓட்டம் ஓடி வந்திருக்கலாமே அக்கா?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"இன்னைக்கு ஓடினா, அடுத்த வாரம் வானத்தைப் பாத்துக்கிட்டுத்தான் ஜெபிப்பேன்" என்றாள் அம்மா.

பூசணம் பிடித்த அந்த மிளகை யாரும் வாங்கவில்லை. என் காலுக்குப் புதுச் சப்பாத்தும் வரவில்லை. வருடம் முழுக்க எங்கள் ரசத்தில் இதே வாடைதான். அம்மா முகம் சுளிக்காமல் குடித்தாள். நான் சுளித்துக்கொண்டே குடித்தேன்.

"தங்கச்சி, கொழும்பு லொறி ஞாயித்துக்கிழமை காலைல வருது. ஒங்க மூட்டையக் கொண்டு வாங்க" என்றார் நானா.

"திங்கக்கிழமை கொண்டு வர்றேன்."

"திங்கக்கிழமைன்னா வெல எறங்கிரும்."

"எறங்கட்டும். வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்துல லொறி வந்தா, நீங்க கடையத் தொறப்பீங்களா நானா?"

நானா சாக்கின் வாயைக் கட்டினார். பிறகு சொன்னார்: "திங்கக்கிழமையே கொண்டு வாங்க."