பெருக்கிய படம்

1948 ஜூன் 9, புதன்கிழமை. எழுந்தேன், காபி குடித்தேன், சவரம் செய்துகொண்டேன். என் முகத்தில் மழுங்கிய பிளேடுதான் பிலிமுக்குப் போகும். ஒட்டுமுன் ஓரம் சுரண்ட அது போதும். சிறந்த படத்தொகுப்புக்கென்று ஒரு ரசிகர் சங்கம் தந்த வெள்ளிக் கோப்பை நிறைய அந்தப் பிளேடுகள்தான். மயிலாப்பூர்க் குளத்தருகே பஸ் ஏறி, அடையாற்றில் இறங்கி, ஸ்டூடியோவில் என் எடிட்டிங் அறையைத் திறந்தேன்.

அந்த அறையில் 'வெட்டு' என்று சொல்லக் கூடாது. முதலாளியின் முதல் படம் விலைபோகாமல் டப்பாவிலேயே தூங்கியது. அந்த அபசகுனச் சொல்தான் காரணம் என்று ஜோசியர் கண்டுபிடித்தார். தாலிக்கயிறு அறுந்தால் பெருகிற்று என்பதில்லையா? நாங்களும் வெட்டுவதைப் 'பெருக்குவது' என்றோம்.

"சார், இந்தக் குதிரைய பெருக்கிடவா? சும்மா ஓடிக்கினே கீது" என்பார் பிலிம் ஒட்டும் ராயப்பேட்டை பாய்.

துடைப்பத்தோடு வரும் அம்மாளுக்கு இது பிடிக்காது. "நான் பெருக்கினா குப்பை போவுது. நீங்க பெருக்கினா குப்பை சேருது. இன்னா பெருக்கலோ!"

ஒன்றை மட்டும் பெருக்க அனுமதி இல்லை. கடைசி ரீலில் முதலாளியே டோப்பா வைத்துக்கொண்டு நீதிபதியாக வந்து தர்மம் பேசுவார், பேசுவார், பேசிக்கொண்டே இருப்பார்.

அன்று பிற்பகல் கோயம்புத்தூர் விநியோகஸ்தர் படம் பார்க்க வந்தார். அவரும் வேண்டாமென்றால் இதுவும் டப்பாதான்.

விளக்குப் போட்டதும், "ரொம்ப நீளமுங்க" என்றார்.

முதலாளி பதறினார். "நேத்து பூரா உக்காந்து பெருக்கியிருக்கோம்! உங்களுக்காக இன்னும் ரெண்டாயிரம் அடி பெருக்கித் தரேன்."

"இன்னுமுங்களா? நான் வாரனுங்க" என்று அவர் குடையை எடுத்தார்.

முதலாளி இரண்டு விரலைக் கத்தரிக்கோலாக்கி ஆட்டிக்கொண்டே பின்னால் ஓடினார். விநியோகஸ்தர் திரும்பிப் பார்த்தால்தானே? முதலாளி என்னைப் பார்த்து, "ஓய், நீராவது சொல்லுமே!" என்றார்.

"அந்த வார்த்தை கூடாதே சார்" என்றேன், மிகுந்த பணிவோடு.

கார்க் கதவு திறந்தது. "வெட்டினோம்யா! வெட்டினோம்! இன்னும் வெட்டறோம்!" என்று முதலாளி அலறியதில் மரத்துக் காக்கைகள் எழும்பிவிட்டன.

"அப்படித் தமிழ்ல சொல்லுங்க" என்று விநியோகஸ்தர் குடையைக் கீழே வைத்தார். "அந்தக் கடைசி ஜட்ஜு ஆருங்க? அந்தாளை வெட்டிப்போடுங்க, நான் எடுத்துக்கறனுங்க."

முதலாளி தலையைத் தடவிக்கொண்டார். நல்லவேளை, டோப்பா இல்லை.

"யாரோ... புது ஆள்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, மெல்ல, "பாத்துப் பெருக்கும் ஓய்."

மறுநாள் எழுந்ததும் முதல் வேலையாக, சவரத்தைத் தள்ளிவைத்து, ஒரு புதுப் பிளேடைக் காகிதத்தில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். முதலாளியின் முகமாயிற்றே.