சீத்தாப்பழக் கொட்டையும் மகள் கண்ணும்

மகளின் பள்ளி டைரியில் டீச்சர் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: தலையில் பேன் இருக்கிறது, சுத்தம் செய்து அனுப்பவும். அதே வாரம் அவள் மாடிப்படிக்குக் கீழே வளர்த்த நாய்க்குட்டியின் காதில் உண்ணி கொத்தாக ஒட்டியிருந்தது. பேன் வேறு, உண்ணி வேறு என்றெல்லாம் யோசிக்காமல் இரண்டுக்கும் ஒரே மருந்தாகத் தேடினேன்.

கடை மருந்து வாங்க மனம் வரவில்லை. ஓசூரில் ஒரு கம்பெனியில் முலாம் பூசும் பிரிவில் எனக்கு வேலை. நாள் முழுக்கக் கெமிக்கலோடுதான் பிழைப்பு, வீட்டுக்குள்ளும் அது வேண்டாம் என்றிருந்தது. நாங்கள் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம்; கீழே இருக்கும் வீட்டுக்காரம்மாதான் வழி சொன்னார். இந்த ஊர்க்காரர், வீட்டுக்குள் தெலுங்கு, எங்களிடம் தமிழ்.

"எதுக்குப்பா காசு குடுத்து மருந்து? சீத்தாப்பழக் கொட்டைய காயவெச்சி அரைச்சி தேங்கா எண்ணெயில கலந்து தேச்சி விடு. பேனும் போவும், உண்ணியும் போவும். கண்ணுல மட்டும் படாம பாத்துக்கோ."

"சரிக்கா" என்றேன். சீயக்காய்கூடத்தான் கண்ணில் பட்டால் எரியும், இயற்கைப் பொருள் என்ன செய்துவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

கம்பெனியில் முதல் பீஸைச் சோதித்து ஓகே ஆன பிறகுதான் மீதியை ஓட்டுவோம். அந்தப் புத்தி வீட்டிலும் போகவில்லை. நாய்க்குட்டியை முதல் பீஸ் ஆக்கினேன். காதிலும் கழுத்திலும் தடவி வெயிலில் கட்டிப் போட்டேன். மறுநாள் உண்ணி பொலபொலவென்று உதிர்ந்து கிடந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. நாயைக் குளிப்பாட்டவே இல்லை, கழுவும்போது கண்ணில் இறங்குமா என்று பார்க்கவே இல்லை என்பது மட்டும் மண்டையில் ஏறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, மனைவி முதல் ஷிப்டுக்குப் போன பிறகு, மகள் தலையில் தாராளமாகத் தேய்த்தேன். ஒரு மணி நேரம் ஊறவிட்டு, நெற்றியில் துணிகூடக் கட்டாமல், உச்சியிலிருந்து தண்ணீரை ஊற்றினேன். பொடியும் எண்ணெயுமாக நேரே கண்ணில் இறங்கியது.

அவள் கத்திய கத்தலில் வீட்டுக்காரம்மா மேலே ஓடி வந்தார். கண்ணில் ஏதாவது தெறித்தால் பதினைந்து நிமிடம் தண்ணீர் விட வேண்டும் என்று எங்கள் பிரிவில் எழுதிப் போட்டிருப்பார்கள். அவர் பிள்ளையைப் பிடித்துக்கொள்ள, நான் விட்டுக்கொண்டே இருந்தேன். அவள் தலையை ஆட்டியதில் பாதித் தண்ணீர் காதுக்குள் போனது. இமை வீங்கி மூடிக்கொண்டது. கெஞ்சித் திறக்க வைத்தால், "வீடு பூரா பொகையா இருக்குப்பா" என்றாள்.

வீட்டில் அடுப்பே எரியவில்லை.

அந்த நிமிடம் போல நான் வாழ்க்கையில் பயந்ததில்லை. மனைவிக்குப் போன் அடித்தேன். அவள் கம்பெனியில் போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். எடுக்காததில் ஒரு ஆறுதல்கூட வந்தது. அதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

கண் ஆஸ்பத்திரி டாக்டர் மீண்டும் கழுவி, மருந்து வைத்து, இரண்டு கண்ணையும் கட்டினார். "கருவிழி மேல் தோல் வெந்துபோச்சு. உடனே கழுவினது நல்லதாப் போச்சு. ரெண்டு நாள் கழிச்சுப் பிரிச்சுப் பார்த்தாத்தான் சொல்ல முடியும்" என்றார்.

ஷிப்டு முடிந்து வந்த மனைவி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, "என் பிள்ளைய என்ன செஞ்சீங்க?" என்று ஒரே ஒரு முறை கேட்டாள். அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. மகள் சுவரைத் தடவித் தடவிப் பாத்ரூம் போவதைப் பார்க்க முடியாமல் நான் வாசலுக்குப் போய் நின்றுகொண்டேன். பார்வை வராவிட்டால் என்று தொடங்கும் யோசனை முடியவே இல்லை.

கட்டுப் பிரித்த காலையில் டாக்டர் விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டார். அவள் கண்ணைச் சிமிட்டிக்கொண்டே இருந்தாள். அவள் விரலை விட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, சட்டைப் பட்டன மாத்திப் போட்டிருக்க."

குனிந்து பார்த்தேன். மாற்றித்தான் போட்டிருந்தேன். சரிசெய்யப் போய் இன்னொரு பட்டனையும் தப்பான துளையில் நுழைத்தேன். மனைவி எழுந்து வந்து, ஒவ்வொன்றாகக் கழற்றி, சரியாகப் போட்டுவிட்டாள்.