வாரம் விட்டு வாரம்

நல்லூரில் நாங்கள் குடிபோன அறை கேட்டவுடன் கிடைத்தது. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். இரண்டு குழந்தைகளோடு போய் நின்றால் முகத்தைச் சுளிக்கிற ஊரில், அறைக்குச் சொந்தக்காரர் சாவியைக் கையில் திணித்துவிட்டு உடனே வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். ஒரே வரிசையில் ஆறு அறைகள். எங்களுடையது மூன்றாவது. பின்சுவருக்கு அந்தப் பக்கம் பனியன் துணி ஓட்டுகிற நிட்டிங் மெஷின்கள். சுவரில் கை வைத்தால் உள்ளங்கை அதிரும். புதிதாக வெள்ளை அடித்த வாடை போன பிறகும், வெயில் ஏறினால் தரையிலிருந்து பிளீச்சிங் பவுடர் நெடி கிளம்பும். சமையல் மேடைக்குப் பக்கத்தில் ஒரு பாய் அளவுக்குத் தரை வெளுத்திருந்தது. சுத்தக்காரி யாரோ இருந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் நம்பர் அறையில் ஒரு அக்கா தனியாக இருந்தார். மடத்துக்குளம் பக்கத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். வீட்டில் உட்கார்ந்தே பனியன்களில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிரை வெட்டிக் கொடுப்பார். தங்கமான மனுஷி. நான் பனியன் கம்பெனியிலிருந்து வேலை முடிந்து வரும்வரை என் பெண்கள் இரண்டும் அவரிடம்தான் கிடக்கும். ஆனால் எங்கள் அறைக்குள் மட்டும் காலடி வைக்க மாட்டார். குழம்பு கொண்டுவந்தாலும் நிலைப்படிக்கு வெளியே நின்று கையை நீட்டுவார். ஒருநாள் வாசலில் நின்று யாரோ ஒருத்தியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். "என்னக்கா?" என்று நானும் போய் நின்றேன். அது என் பெயர் இல்லை என்பது இருவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. அவர் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போனார். நான் ஏன் அந்தப் பெயருக்குப் பதில் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பேய்க்குப் பயப்பட அப்போது எனக்கு நேரமில்லை. அதைவிடப் பெரிய பயம் ஒன்று கூடவே இருந்தது. என் இரண்டு பிரசவமும் வயிற்றைக் கீறித்தான். இன்னொன்று உண்டானால் தையல் தாங்காது, உயிருக்கே ஆபத்து என்று டாக்டரம்மா முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். இரண்டாவது பிரசவத்தோடு குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனையும் செய்துவிடலாம், கணவர் ஒரு கையெழுத்துப் போடட்டும் என்றார்கள். டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று போன மனிதர் மூன்று மணி நேரம் டீ குடித்தார். ஆண்பிள்ளை இல்லாமல் ஆபரேஷன் கூடாது என்று தெற்கே ஊரிலிருந்து அவருடைய அம்மா உத்தரவு போட்டிருந்தார். கணவரைக் கொடுமைக்காரர் என்று சொல்ல மாட்டேன். பயந்தாங்கொள்ளி. அம்மாவிடமும் பயம், என்னிடமும் பயம்.

கருத்தடை மாத்திரை வாங்கலாம் என்றால், நர்ஸம்மா எங்கள் தெருவுக்கு வருவது காலை பதினோரு மணிக்கு. எட்டரைக்கே நான் செக்கிங் டேபிள் முன்னால் நின்றாக வேண்டும். ஒன்றரை ஷிஃப்ட் முடிந்து இரவு எட்டரைக்கு மேல் வரும்போது ஆரம்ப சுகாதார நிலையத்தில் பூட்டுத் தொங்கும். ஞாயிற்றுக்கிழமை எனக்கும் லீவு, அவர்களுக்கும் லீவு. மெடிக்கல் ஷாப்பில் ஆண்கள் நாலு பேர் நிற்கும்போது என் வாய் தலைவலி மாத்திரைதான் கேட்கும். வீட்டில் தலைவலி மாத்திரை நிறையச் சேர்ந்துவிட்டது.

குடிவந்த இரண்டாவது வாரம், அலமாரியில் விரித்திருந்த பழைய நாளிதழை மாற்றினேன். அடியில் மூன்று அட்டைகள் இருந்தன. அரசாங்கத்தில் கொடுக்கிற அதே கருத்தடை மாத்திரை. கம்பெனியில் ஒருத்தியிடம் பார்த்திருக்கிறேன். இரண்டு அட்டைகள் தொடாதவை. மூன்றாவதில் ஏழு ஏழாக நாலு வரிசை. முதல் வரிசை காலி. இரண்டாவது அப்படியே இருந்தது. மூன்றாவது காலி. நாலாவதையும் யாரும் தொடவில்லை.

பார்த்ததுமே புரிந்துவிட்டதாக நினைத்தேன். என் கணவருக்குச் சாயப்பட்டறையில் வேலை. ஒரு வாரம் பகல் ஷிஃப்ட், மறுவாரம் இரவு ஷிஃப்ட். இரவு ஷிஃப்ட் வாரத்தில் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதே அபூர்வம். ஆள் வீட்டில் இருக்கிற வாரத்துக்கு மாத்திரை. இல்லாத வாரத்துக்கு எதற்கு? எனக்கு முன்னால் இங்கே இருந்தவளின் கணவனும் சாயப்பட்டறைதான் போலிருக்கிறது. அவளுடைய கெட்டிக்காரத்தனத்தை மெச்சிக்கொண்டேன். தொடாத அட்டையைப் பிரித்து, அவள் செய்தது போலவே ஒரு வரிசை போட்டு, ஒரு வரிசை விட்டு, மறுபடி போட்டேன்.

சில நாள் மறந்துவிடுவேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது பின்சுவருக்கு அந்தப் பக்கம் நூல் அறுந்து மெஷின் நிற்கும். அந்த அமைதியில் சட்டென்று மாத்திரை ஞாபகம் வரும். மறுபடி ஓடத் தொடங்குவதற்குள் விழுங்கிவிடுவேன். அவள்தான் ஞாபகப்படுத்துகிறாள் என்று விளையாட்டாக நினைத்துக்கொள்வேன். ஒருமுறை அவளுக்கு நன்றிகூடச் சொன்னேன், வாய்விட்டு.

மூன்றாவது மாதம் நாள் தள்ளிப்போனது. வெயில், வேலை, தூக்கமின்மை என்று பத்து நாள் என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். பிறகு ஒரு காலை குழாயடியில் வாந்தி எடுத்தேன். குடத்தோடு நின்ற பக்கத்து அறை அக்கா குடத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"அவளும் இந்தக் கொழாய்க்கிட்டத்தான் கண்ணு வாந்தி எடுத்தா" என்றார்.

அப்போதுதான் முழுவதும் சொன்னார். மூன்றாம் நம்பரில் இருந்தவளுக்கும் இரண்டு குழந்தைகள். வயிற்றில் மூன்றாவது தங்கியதும், யாருக்கும் சொல்லாமல் கடையில் மாத்திரை வாங்கிக் கலைக்கப் பார்த்திருக்கிறாள். குழந்தைகள் பள்ளிக்கூடத்தில், கணவன் பட்டறையில். உதிரம் நிற்கவேயில்லை.

"நான் உன்ற ரூம் சொவத்துக்கு அந்தப்பக்கம் உக்காந்து பிசிர் வெட்டிட்டு இருந்தனுங் கண்ணு. மெஷின் சத்தத்துல அவ கூப்பிட்டாளா, கூப்பிடலையான்னுகூடத் தெரியலை. சாயந்தரம் கதவத் தொறந்தப்பத்தான் பாத்தேன்."

தரை ஏன் வெளுத்திருந்தது என்று நான் கேட்கவில்லை. தேய்த்தது அவர்தான் என்று, பிளீச்சிங் பவுடர் அரித்துத் தழும்பேறிய அவர் கையைப் பார்த்ததும் தெரிந்தது.

காலையில் நான் வாந்தி எடுத்ததைப் பார்த்துவிட்டுப் போன என் கணவர், அன்று மாலை சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தார். "கூட வேலை பாக்கிறவன் கடையில வாங்கிக் குடுத்தான். ரெண்டு நாள்ல கலைஞ்சிருமாம்" என்றார்.

அதே அறை, அதே அட்டை, அதே வரிசை, அதே குழாயடி. ஒருத்தி நடந்துபோன தடத்தில் ஓர் அடிகூடப் பிசகாமல் நான் போய்க்கொண்டிருந்தேன், அடுத்த அடி என் கணவர் கையில் இருந்தது. பின்சுவரில் மெஷின் நின்றது. சத்தியமாக நின்றது. பொட்டலத்தைப் பிரிக்காமல் அவர் பையிலேயே திணித்தேன்.

"இந்த ரூம்ல ஒருத்தி செத்தது உங்களுக்குத் தெரியுமா?"

அவர் தரையைப் பார்த்தார். பட்டறையில் எல்லாருக்கும் தெரியுமாம். நான் பயந்துவிடுவேன் என்று சொல்லவில்லையாம். அதற்குப் பிறகு இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை.

மறுநாளே வேலைக்குப் போகாமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாத்திரையை எப்படிப் போட்டேன் என்று அங்கிருந்த நர்ஸம்மா கேட்டார். பெருமையாகவே சொன்னேன்.

"அட கடவுளே! தெனமும் போடோணும் கண்ணு. உன்ற ஊட்டுக்காரரு இருந்தாலும் போடோணும், இல்லாட்டியும் போடோணும். ஒரு வாரம் உட்டா முன்னப் போட்டதும் வீணாப்போயிரும். ஆரு உனக்கு இப்படிச் சொல்லிக்குடுத்தது?"

செத்துப்போனவள் என்று எப்படிச் சொல்வது?

நல்லவேளை, அதிக நாள் ஆகியிருக்கவில்லை. கருவைக் கலைத்து, கூடவே ஆபரேஷனும் செய்தார்கள். கணவர் கையெழுத்து வேண்டாமா என்று கேட்டேன். "உன்ற கையெழுத்தே போதும்" என்றார் நர்ஸம்மா. அந்த மூன்று மணி நேர டீயை நினைத்தபோது எனக்கு வந்த ஆத்திரத்தில் பேனா காகிதத்தைக் கிழித்துவிட்டது.

வீட்டுக்கு வந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா கஞ்சியோடு வந்து நிலைப்படியில் உட்கார்ந்தார். நர்ஸம்மா சொன்னதைச் சொன்னேன். என் வாய் சும்மா இருக்குமா? "அந்த மடச்சி தப்பாப் போட்டிருக்கா. அவளப் பாத்து நானும் போட்டு, சாகப் பாத்தேன்" என்று திட்டித் தீர்த்தேன்.

அக்கா கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

"அது அவளாப் போட்டதில்லை கண்ணு. நாந்தான் சொல்லிக்குடுத்தேன். எங்க ஊட்டுக்காரரும் பட்டறையிலதான் இருந்தாரு. நாலு வருசம் நான் அப்படித்தான் போட்டேன். எனக்கு ஒண்ணும் ஆகலையே." பிறகு என் கண்ணைப் பார்த்துக் கேட்டார்: "அப்ப அவளுக்கு வகுத்துல நின்னது அதனாலதானா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நாலு நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம். "ஆமாக்கா" என்றேன். சொன்னதற்காக இன்றும் வருந்துகிறேன். மறுபடி கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

அவர் அழுவார் என்று எதிர்பார்த்தேன். சட்டென்று எழுந்தார். "நாலாம் நம்பர்ப் புள்ளைக்கும் சொல்லிக்குடுத்திருக்கேன்" என்றார்.

நாலாம் நம்பரில் ஓர் ஒடிசாப் பெண், கைக்குழந்தையோடு. அவள் கணவனுக்கும் சாயப்பட்டறைதான். தமிழ் தெரியாத அந்தப் பெண்ணுக்கு அக்கா அட்டையில் விரல் வைத்து, வரிசை வரிசையாகக் காட்டிக் கொடுத்திருந்தார். இப்போது அவள் கதவுக்கு முன்னால் போய் நின்றார். தட்டக் கை எழவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்துபோய் நான் தட்டினேன்.

கதவைத் திறந்து எங்களைப் பார்த்துச் சிரித்தாள். தினமும் என்பதற்குக் கம்பெனி சூப்பர்வைசர் சொல்கிற இந்தி வார்த்தை ஒன்று எனக்குத் தெரியும். "ரோஜ்" என்றேன். மாத்திரை விழுங்குவது போல் கையைக் காட்டி, "ரோஜ், ரோஜ்" என்றேன். முதலில் தலையாட்டினாள். பிறகு அவள் சிரிப்பு நின்றது. குழந்தையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு, விரல்விட்டு நாள் எண்ணத் தொடங்கினாள். ஒரு கை விரல்கள் தீர்ந்தன. மறுபடி சுண்டுவிரலிலிருந்து ஆரம்பித்தாள். அதுவும் தீர்ந்தது. அவள் நிறுத்தாமல் எண்ணிக்கொண்டே இருந்தாள்.